வேலியோரக் கொடிக்குப் பெயர் சொன்னவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு வேலியோரம் ஆடி மழைக்கு ஒரு கொடி முளைக்கும். 3 வருஷமாகக் களையென்று அறுத்தெறிந்தேன். அடுத்த மழைக்கு அதே இடத்தில் நிற்கும். இந்த முறை அறுக்க மனசு வராமல், தெரிந்தவர்களிடமெல்லாம் என்ன செடி என்று கேட்டேன்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் தாவரவியல் ஆசிரியை அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. ஒரு மொட்டுகூட இல்லாதபோதே, "இலை நுனியைப் பாரு" என்றீர்கள். பாகலுக்கும் பீர்க்குக்கும் சுருள் தனியாகக் கிளம்பும். இதற்கு இலையின் நுனியே நீண்டு சுருண்டு குச்சியைப் பிடித்திருந்தது. "செங்காந்தள்தான், பூக்கட்டும்" என்றீர்கள். நம் மாநில மலரையா இத்தனை நாள் வெட்டிப் போட்டேன் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மூலனூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. அந்தக் கொடியின் அடிமண்ணைக் கிளறியபோது கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு ஒன்று கிடைத்தது. வள்ளிக்கிழங்கில் ஏதோ ஒரு வகை என்று அம்மா கழுவி எடுத்து வைத்துவிட்டார். படம் அனுப்பிய கையோடு நீங்கள் கூப்பிட்டு, "கண்வலிக்கிழங்கும்மா அது, வாயில வெச்சுராதீங்க, உசுருக்கே ஆபத்து" என்றீர்கள். அரைமணி நேரம் தாமதித்திருந்தால் அது அடுப்பில் வெந்துகொண்டிருக்கும். இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. கிழங்கிலும் விதையிலும் உள்ள கொல்சிசின்தான் நஞ்சு, மூட்டுவலி மருந்துக்கு அதையே பிரித்தெடுக்கிறார்கள் என்று பிறகு பொறுமையாக விளக்கினீர்கள். விதைக்காகக் கிளுவைச் செடி மேல் கொடியேற்றி, காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைப்பீர்களாமே! அந்த உழைப்பை நேரில் வந்து பார்க்க ஆசை.

பூவும் வந்துவிட்டது. கவிழ்ந்து தொங்கிய பூவில் 6 இதழும் மேல்நோக்கி வளைந்தன. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு; நாளாக ஆக முழுக்கச் சிவப்பு. சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்குக் காந்தளை ஏன் உவமை சொன்னார்கள் என்பது அதன் முன் நின்றபோதுதான் புரிந்தது. படத்தைக் கண்டு, "இது எங்கட கார்த்திகைப் பூவல்லோ" என்று குரல் தழுதழுத்த யாழ்ப்பாணத்துத் தோழிக்கும் என் அன்பு.

பிள்ளைகள் கை எட்டாதபடி சுற்றிலும் வலை கட்டித் தந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் நன்றி. கிழங்கை அதே குழியில் வைத்து மூடிவிட்டோம். கோடையில் கொடி காய்ந்து மறைந்துவிடும் என்பதால், இடம் தெரிய ஒரு செங்கல் நட்டிருக்கிறோம்.