அழுத்தம் விழும் அசையையும் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மாணவர் பகுதியில் ஆங்கிலச் சொற்களின் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தருவது பயனுள்ள வழக்கம். ஆனால், எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதை அது காட்டுவதில்லை. ஆங்கிலத்தில் உச்சரிப்பின் பாதி அங்கேதான் இருக்கிறது.

தனுஷ்கோடிக்கு வெளிநாட்டுப் பயணிகளை அழைத்துச் செல்லும் இளைஞர்களிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் ஊர் கைவிடப்பட்டதைச் சொல்ல, அவர்கள் ‘டெசர்ட்டட்’ என்று முதலசையை ஓங்கி ஒலிக்கிறார்கள்; இரண்டாம் அசையில் அழுத்தத்தை எதிர்பார்க்கும் பயணியின் காதில் அது ‘பாலைவனம்’ என்று விழுகிறது. சுற்றிலும் மணல்தானே, அவரும் தலையாட்டிவிடுகிறார்! ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதலசையிலும், ‘ஃபோட்டோகிராஃபி’ என்பதில் இரண்டாம் அசையிலும், ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்பதில் மூன்றாம் அசையிலும் அழுத்தம் விழும். அழுத்தம் பெறாத உயிரொலிகள் பெரும்பாலும் மழுங்கிவிடும். எல்லா அசைகளையும் ஒரே சீராக ஒலிக்கும் நம் ஆங்கிலம் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சட்டென்று பிடிபடாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

தமிழில் பொருளை மாற்றுவது மாத்திரையே: ‘படம்’ நீண்டால் ‘பாடம்’. சொல்லின் தொடக்கத்தை நாம் லேசாக அழுத்தினாலும், அந்த அழுத்தம் இடம் மாறுவதால் பொருள் மாறுவதில்லை. அரபியில் அழுத்தம் பெரும்பாலும் நெடிலைத் தேடிச் செல்வதால், கீழக்கரையில் ஓதும் பிள்ளைகளுக்குக் ‘கிதாப்’ என்பதில் இரண்டாம் அசையை அழுத்துவது கடினமாக இருப்பதில்லை. நேரசை, நிரையசை பிரித்துப் பழகிய காதுக்கு அது அந்நியமும் அன்று. ஃபின்னிஷ், ஹங்கேரியன் மொழிகளில் முதலசை, போலிஷில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசை, பிரெஞ்சில் சொற்றொடரின் இறுதியசை என்று ஒரு விதியைக் கற்றால் போதும். ரஷ்ய மொழியில் அந்த வசதி கிடையாது; ‘ஸமோக்’ என்று எழுதப்படும் ஒரே சொல், முதலசையை அழுத்தினால் கோட்டை, இரண்டாம் அசையை அழுத்தினால் பூட்டு. ஆங்கிலமும் ஏறக்குறைய இந்த வகைதான். சொல்லோடு சேர்த்தே அழுத்தத்தையும் கற்றாக வேண்டும்.

அகராதிகள் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இடுகின்றன. அக்குறியைப் பிள்ளைகளுக்கு விளக்குவதைவிட, அந்த அசையை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிடுவது எளிது. ‘ஷன்’ என முடியும் சொற்களில் அதற்கு முந்தைய அசையே அழுத்தம் பெறும் என்பது போன்ற விதிகளை வாரம் ஒன்றாகச் சேர்த்து வெளியிட்டால், தட்டச்சிலும் தங்களுக்குப் பெரிய வேலை இராது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.