ஆதிச்சநல்லூருக்கு அரை மணி நேரம்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் தாமிரபரணிக் கரைப் பயணக் கட்டுரை படித்தேன். "ஆதிச்சநல்லூருக்கு அரை மணி நேரம் போதும், அப்புறம் நேராகத் திருச்செந்தூர்" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல, இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழங்கால இடுகாடு அது. 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர் இங்கே தோண்டியதைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ ஆண்டுக்கணக்கில் தோண்டினார். 2004இல் மறுபடி தோண்டியதற்கு அறிக்கை எப்போது வரும் என்று காத்துக் கிடந்தவர்கள் நாங்கள். ஒருவழியாக 2023இல், தாழிகளை இருந்த இடத்திலேயே வைத்து மேலே கண்ணாடி போட்டார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். ஒரு சிறுமி கண்ணாடி ஓரத்தில் நின்றுகொண்டு, "மிதிக்கலாமா தாத்தா?" என்று கேட்டாள். கடைசிவரை அவள் அதில் கால் வைக்கவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு இருந்த மரியாதை ஒரு பத்திரிகைக்கு வேண்டாமா?

ஆற்றை இப்படித்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். 2018இல் நடந்த புஷ்கர நீராட்டு விழாவுக்குப் படித்துறை படித்துறையாகப் படம் போட்டீர்கள். அதன்பிறகு அந்தப் படித்துறைகள் என்ன ஆயின என்று யாரும் வந்து பார்க்கவில்லை. பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணிகள் இன்றும் ஆற்றுக்குள்தான் கிடக்கின்றன.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றதை எழுதினீர்கள், எழுத வேண்டியதுதான். அதே வெள்ளத்தில் எங்கள் படித்துறைக் கற்கள் புரண்டு, கல்மண்டபத் தூண் ஒன்று சாய்ந்தது. தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துத்தான் என் அப்பா கார் பருவ நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவுவார். அந்தப் படிதான் தலைகீழாகக் கிடந்தது. மனு கொடுத்தோம். ஒரு அலுவலகத்தில் "எங்கள் பொறுப்பில் வராது" என்றார்கள். அவர்கள் அனுப்பிய இடத்திலும் அதையே சொன்னார்கள். கடைசியில் ஊர் இளைஞர்களே கடப்பாரையும் வடமுமாக இறங்கிக் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்தார்கள். வாய்க்காலில் மண்டிக் கிடந்த அமலை என்னும் ஆகாயத்தாமரைச் செடியையும் அவர்களே அள்ளிக் கரையேற்றினார்கள். மூட்டில் சிராய்ப்பு இல்லாத பையன் ஒருவனும் இல்லை. படத்தோடு செய்தி அனுப்பினேன். இடமில்லை என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று சொல்ல மட்டும் முழுப் பக்கம் கிடைத்திருக்கிறது.

நான் கேட்பது சிறிய விஷயம். அந்தப் பக்கத்தில் 'ஸ்ரீவைகுண்டம் அணை' என்று போட்டிருக்கும் படம் மருதூர் அணை. வளைந்து கிடப்பது மருதூர். ஸ்ரீவைகுண்டம், ஆற்றின் எட்டு அணைகளில் கடைசி, வெள்ளைக்காரர் காலத்துக் கட்டு. அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். தூண் இன்னும் சாய்ந்தேதான் நிற்கிறது. நிருபர் யாரையாவது அனுப்பினால் நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன். அவர் ஒரு பகல் முழுவதும் ஒதுக்கிக்கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம்.