ஆடிட் முடிந்த கையோடு

திருப்பூர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நம்ம பனியன் கம்பெனியில் ஆடிட். கணக்கு ஆடிட் இல்லை, நம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் கேட்கும் சான்றிதழுக்காக ஆலையைச் சோதிக்கிற ஆடிட். அதனால்தான் இத்தனை தாமதம். மகளுக்குக் கல்யாணம் கூடி வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தேதி குறித்ததும் எழுது.

ஆடிட் கூத்தைக் கேள். வந்தவர் தீயணைப்பு சிலிண்டரில் தொங்கும் சீட்டின் தேதியைப் பார்த்தார். தரையில் அடித்திருக்கும் மஞ்சள் கோட்டின்மேல் கிடந்த ஒரே ஒரு துணி மூட்டையைப் படம் எடுத்தார். அதை நகர்த்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது! எனக்குக் கராச்சி ஞாபகம். 2012 செப்டம்பரில் அங்கே அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்களே, அந்த ஆலைக்குச் சில வாரம் முன்புதான் எஸ்ஏ8000 என்ற தொழிலாளர் நல, பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

மறு ஏப்ரலில் டாக்கா பக்கம் ஆயத்த ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்தது. முந்தின நாளே கட்டடத்தில் விரிசல் கண்டும் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். 1,100 பேருக்கு மேல் போனார்கள். அப்புறம்தான் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஆலைகளின் தீ, கட்டடப் பாதுகாப்புக்காக 'அக்கார்ட்' போட்டன. தனியார் ஒப்பந்தம்தான், ஆனால் சட்டப்படி கட்டுப்படுத்துவது. ஆய்வறிக்கைகளை ஊரறிய வெளியிட்டார்கள். பிராண்டு பேச்சை மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். சங்கங்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் நடுவர் மன்றம் வரை போய், 2018இல் ஒரு பிராண்டை 23 லட்சம் டாலருக்கு இறங்கி வர வைத்தன. நம்ம சான்றிதழில் அந்தப் பல் எங்கே இருக்கிறது?

நொய்யலையே எடுத்துக்கொள். 90களில் ஜெர்மனி, புற்றுநோய் வரவைக்கக்கூடிய சில அசோ வகைச் சாயங்களைத் தடை செய்ததும் நாம் எவ்வளவு வேகமாக மாறினோம்! அது உடுத்துகிறவன் தோலுக்காக. ஆற்றில் விட்ட சாயத்தண்ணீரைப் பற்றி எந்தப் பையரும் என்னிடம் அந்தக் காலத்தில் கேட்டதில்லை. ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி நின்றதை நீயும் நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தோமே. அரசாங்கமும் சும்மாதான் இருந்தது. விவசாயிகள் கேஸ் நடத்தி, 2011 ஜனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊர் அசைந்தது. (சுத்திகரித்தபின் மிஞ்சும் உப்பு மூட்டைகளை எங்கே கொட்டுவது என்பது இன்னொரு தலைவலி.)

இந்தத் தடவை ஆடிட்டரிடம் 'சாயத்தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே போகாது' என்று சார்ட் போட்டுக் காட்டினேன். பாராட்டி எழுதிக்கொண்டார். கோர்ட் போட்ட போடு அது என்று நான் சொல்லவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
மணி