சேர்ந்தவர்கள் கணக்கு மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இலவச ஆன்லைன் படிப்புகளில் லட்சக்கணக்கானோர் சேர்கிறார்கள் என்று நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களால் மட்டும் எப்படி முடிந்தது என்ற கேள்வியே அதில் இல்லை.

2012-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான எம்ஐடி, மின்சுற்றுப் பாடம் ஒன்றை இலவசமாக இணையத்தில் நடத்தியது. சேர்ந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், தேறியவர்கள் சுமார் 7,000 பேர். சும்மா எட்டிப்பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு, சரி. அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிய மங்கோலியாவின் 15 வயதுப் பையனைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள், இணையம் இருந்தால் போதும் என்பார்கள். ஆனால் அவனுடைய பள்ளி முதல்வரே எம்ஐடியில் படித்தவர், மாணவர்கள் அந்தப் பாடத்தைச் சேர்ந்து படிக்க ஏற்பாடு செய்தவர். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி மாணவர் ஒருவர் நேரில் போய்ச் செய்முறை வகுப்பும் எடுத்தார். பையன் கெட்டிக்காரன், சந்தேகமே இல்லை. அதோடு, சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆளும் இருந்தது.

தனியாக உட்கார்ந்து படிப்பவர் நிலைமை வேறு. முதல் வாரம் ஆர்வமாகப் போகும், அப்புறம் ஒரு கணக்கில் சிக்கிக்கொள்வார், கலந்துரையாடல் பக்கத்தில் கேள்வி போடுவார், அது நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு அடியில் போய்விடும், யாரோ ஒருவர் "வீடியோவை மறுபடியும் பாருங்கள்" என்று பதில் எழுதுவதற்குள் வீட்டுப்பாடத்துக்கான கெடு முடிந்திருக்கும். கட்டுரை எழுதினால் திருத்துவதும் இன்னொரு மாணவர்தான், "நன்று" என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுவார். ஏற்கெனவே பட்டம் வாங்கியவர் இதையெல்லாம் சமாளித்துக்கொள்வார். வீட்டில் முதல்முறையாகப் படிக்க வந்தவர், நமக்கு மண்டையில் ஏறாது போலிருக்கிறது என்று தன்னையே நொந்துகொண்டு விலகிவிடுவார். இலவசக் கல்வி யாருக்காக என்று சொன்னோமோ அவரே சத்தமில்லாமல் வெளியேறுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

இலவசம் என்பதும் சுருங்கிக்கொண்டே வருகிறது. இப்போது பல படிப்புகளில் வீடியோ பார்க்கத்தான் காசில்லை, தேர்வுக்கும் சான்றிதழுக்கும் கட்ட வேண்டும். ஹார்வர்டும் எம்ஐடியும் லாப நோக்கமில்லாமல் தொடங்கிய எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளமே 2021-ல் 80 கோடி டாலருக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

பாடங்களை நிறுத்தச் சொல்லவில்லை, அவ்வளவு நல்ல பேராசிரியர்கள் வீட்டுக்கே வருவது சாதாரண விஷயமா! நூலகத்திலோ பள்ளியிலோ வாரம் ஒரு மாலை, அதே பாடத்தை எடுத்திருக்கும் பத்துப் பேரும் விஷயம் தெரிந்த ஒருவரும் உட்கார இடம் கொடுத்தால் போதும், பாதியில் நிற்பவர்களில் பலர் முடித்துவிடுவார்கள் என்று நம்புகிறேன். அப்படி எங்காவது நடந்தால் அதைப் பற்றி விரிவாக எழுதுங்கள். அடுத்த முறை சேர்ந்தவர்கள் எண்ணிக்கையைப் போடும்போது, முடித்தவர்கள் எண்ணிக்கையையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்