எழுதாத தேர்வு

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகு உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். மகிழ்ச்சி. எழுத்து பழையபடி கோழிக் கிறுக்கல்தான். அதற்கு எந்த மருத்துவரும் பொறுப்பில்லை.

கேரள முன்னாள் முதல்வர் அச்சுதானந்தனும் போய்விட்டார், 1964இல் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறி மார்க்சிஸ்ட் கட்சியைத் தொடங்கிய 32 பேரில் இனி ஒருவரும் இல்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு அந்த 32 பேரில் ஒருவரான நம் சங்கரய்யாவின் நினைவுதான் வந்தது. 2023 நவம்பர் 15 அன்று அவர் மறைந்தபோது உனக்கு எழுத நினைத்தேன், வழக்கம்போலத் தள்ளிப்போட்டுவிட்டேன்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. படித்தவர். 1941இல் இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் கைதானார். பட்டம் போயிற்று. பிறகு சிறை, தலைமறைவு, மறுபடி சிறை. கூட்டிப் பார்த்தால் சிறையில் மட்டும் எட்டு ஆண்டுகள். கம்யூனிஸ்டுகள் மீது போடப்பட்ட மதுரைச் சதி வழக்கில் விடுதலையானது 1947 ஆகஸ்ட் 14. மறுநாள் நாட்டுக்கே விடுதலை!

மூன்று முறை சட்டமன்ற உறுப்பினர், மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததே. என் மனத்தை விட்டு அகலாதது அந்தப் பட்டம்தான். எண்பது ஆண்டுகள் கழித்து மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தரத் தீர்மானித்தது. ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. நவம்பர் 2 அன்று பட்டமளிப்பு விழா அவர் பெயர் இல்லாமலே நடந்தது. அடுத்த பதின்மூன்றாம் நாள் அவரே இல்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

அவர் அதற்காக ஏங்கியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. 2021இல் தமிழ்நாடு அரசின் முதல் ‘தகைசால் தமிழர்’ விருதோடு வந்த 10 லட்சம் ரூபாயை அப்படியே முதலமைச்சர் நிவாரண நிதிக்குத் தந்துவிட்ட மனிதர். ஒரே ஒரு பேப்பர் அரியருக்காக நான்கு ஆண்டுகள் புலம்பிய நீயும் நானும் அந்த மனத்தை எப்படி அளப்பது?

1977 தேர்தலில் மதுரை கிழக்கில் அவர் நின்றபோது கூட்டம் கேட்கப் போனோமே, நினைவிருக்கிறதா? அப்போது ஓட்டுப் போட 21 வயது ஆக வேண்டும். நமக்கு இரண்டு குறைவு. ஒலிபெருக்கியே வேண்டாத குரல். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது, பேசியதில் ஒரு வாக்கியம்கூட நினைவில் இல்லை. உனக்கு ஏதாவது நினைவிருந்தால் எழுது. கொஞ்சம் தெளிவான கையெழுத்தில்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்