காய்ச்சல் செய்தியில் ஊர்ப் பெயர் தெளிவாக இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொற்றுநோய்ப் பரவலை முன்கூட்டியே அறிய, மத்திய அரசின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022 ஏப்ரல் முதல் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறது. பல மொழி இணையச் செய்திகளை அது படித்து, எந்த ஊரில் என்ன நோய், எத்தனை பேருக்கு என்பதைப் பிரித்தெடுக்க, வல்லுநர்கள் அதைப் பரிசீலிக்கின்றனர். ஆகவே தங்கள் நாளிதழின் வட்டாரப் பக்கத்தில் வரும் நான்கு வரிச் செய்தியும் நோய்க் கண்காணிப்புக்குப் பயன்படக்கூடியதே.

அந்த நான்கு வரியில் ‘காரைக்குடி அருகே மர்மக் காய்ச்சல், பலர் பாதிப்பு’ என்று மட்டும் இருந்தால், பாதிப்பு பள்ளத்தூரிலா கானாடுகாத்தானிலா என்பதை எந்த மென்பொருளாலும் கண்டுபிடிக்க இயலாது. புதுப்பட்டி என்ற பெயரில் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல ஊர்கள் உள்ளன. ஊர், வட்டம், நோயுற்றோர் எண்ணிக்கை, காய்ச்சல் தொடங்கிய நாள், உடன் இருப்பது மூட்டுவலியா வயிற்றுப்போக்கா என்ற விவரங்களைத் தங்கள் நிருபர்கள் தவறாமல் எழுத வேண்டுகிறேன்.

செட்டிநாட்டுக்கென்று தனிக் கவலை ஒன்றும் உண்டு. உரிமையாளர்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ்வதால் பூட்டியே கிடக்கும் பெரிய வீடுகளின் முற்றத்தில், ஐப்பசி மழைக்குப் பின் அண்டாவிலும் ஆட்டுக்கல் குழியிலும் தேங்கும் தெளிந்த நீரே டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். நீர் வற்றினாலும் அதன் முட்டைகள் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் வாசல் கதவு வரைதான் போக முடிகிறது. பூட்டிய வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை; அடுத்த தெருக் குழந்தைக்குத்தான் வருகிறது. நோயாளிகளை மட்டும் எண்ணும் கணினிக்கு அந்த வீடு தெரியவே தெரியாது.

தேடல் சொற்களை வைத்து ஃப்ளூ பரவலைக் கணிக்க 2008இல் கூகுள் தொடங்கிய திட்டம், 2012-13 பருவத்தில் பரவலை மிகைப்படுத்திக் காட்டி, 2015இல் நிறுத்தப்பட்டது. களத் தகவலோடு ஒப்பிட்டுத் திருத்தாத கணிப்பு எவ்வளவு தவறும் என்பதற்கு இதுவே சான்று.

எனவே, மாநகராட்சியும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் பூட்டிய வீடுகளைத் தெருவாரியாகக் கணக்கெடுத்து, சாவி வைத்திருக்கும் காவலாளியின் விவரத்தோடு சுகாதாரத் துறையின் காய்ச்சல் பதிவில் இணைக்க வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது அவ்வீடுகளைத் திறந்து பார்க்க உரிமையாளர்கள் எழுத்துப்பூர்வமாக அனுமதி தர வேண்டும். இக்கோரிக்கையை நகரத்தார் சங்கங்களின் கவனத்துக்கும் தங்கள் நாளிதழ் கொண்டு செல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.