தோட்டப் பாதைக்கா, தார்ச்சாலைக்கா டயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் நெருங்கும்போது நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பகுதி டயர் கடைகளில் ஜீப், மகிந்திரா பொலிரோ, மகிந்திரா தார் வண்டிக்காரர்களின் கூட்டம் கூடிவிடும். அண்மைக் காலமாக அவர்களில் பலர், தங்கள் வண்டி எங்கே ஓடுகிறது என்று யோசிக்காமல், பெரிய பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டி) வைத்த, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் டயரையே கேட்டு வாங்குவதைக் காண்கிறேன். ரப்பர் தோட்டத்துக்கு நாள்தோறும் பொலிரோவில் போய்வருபவன் என்ற முறையிலும், அந்த டயரை ஒருமுறை தவறாக வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையிலும் சில செய்திகளை எழுத விரும்புகிறேன்.

சாலை டயரில் பட்டன்கள் நெருக்கமாக அமைந்திருப்பதால் அதிக ரப்பர் தாரைத் தொடுகிறது. ஆல்-டெரெய்ன் டயரில் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி கூடுதல். அந்த விளிம்புகள் சரளையையும் இளகிய மண்ணையும் கவ்விப் பிடிக்கும். பக்கச்சுவரும் பெரும்பாலும் தடித்திருப்பதால், கூரான கல்லோ வெட்டிய மரக்கட்டையோ எளிதில் கிழித்துவிடாது. ஆனால் எடை கூடுவதால் டீசல் கூடுதலாகச் செலவாகும், ஓட்டத்தில் இரைச்சல் எழும், எல்லாவற்றையும்விட முக்கியமாக, நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்பதற்குச் சாலை டயரைவிடப் பொதுவாகக் கூடுதல் தூரம் எடுத்துக்கொள்ளும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில், மரநிழல் மூடிய குறுகிய வளைவுகளில் சருகு படிந்த ஈரத்தார் மீது நாள்தோறும் ஓட்டுகிற நமக்கு இது சிறிய செய்தியன்று.

ஆகவே டயர் வாங்குமுன் ஒரு மாதத்துக்கு வண்டி ஓடிய தூரத்தை, தார் எவ்வளவு, மண் எவ்வளவு எனப் பிரித்து ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். நான் பாதிக்குப் பாதி இருக்கும் என்று நினைத்திருந்தேன்; குறித்துப் பார்த்தபோது மண்பாதை பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. கீரிப்பாறை, பாலமோர், கோதையாறு போன்ற மலைப்பகுதித் தோட்டங்களுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிச் செல்பவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கும் கல்குவாரிக்குப் போய்வருபவர்களுக்கும் ஆல்-டெரெய்ன் டயர் வீண்செலவு ஆகாது. நாகர்கோவிலில் வேலைக்குப் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் திற்பரப்பு அருவிக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்பவருக்கு அது தேவையே இல்லை.

நம் மேற்குப் பகுதிச் செம்மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழையில் குழைந்த அந்த மண் பட்டன் இடைவெளிகளை அப்பி அடைத்துவிட்டால், ஆல்-டெரெய்ன் டயரும் மொட்டை டயரைப் போலவே வழுக்கும். அந்த மண்ணைத் தானே உதறித் தள்ளுவதற்கென்றே இன்னும் அகன்ற இடைவெளியுள்ள மட்-டெரெய்ன் டயர் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு நாள்தோறும் தேசிய நெடுஞ்சாலையில் ஓடுவது இன்னும் மோசம். பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டியில் எந்த டயரைப் போட்டாலும், நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியைப் போல அது சகதி மேட்டில் ஏறாது என்பதையும் மறக்கலாகாது. முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலிலோ பெரிய பட்டன் மணலைத் தோண்டிக்கொண்டு புதைவதே மிகுதி. அங்கே உதவுவது காற்றை ஏறத்தாழ 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து மெதுவாக ஓட்டுவதுதான். தார் ஏறுமுன் மீண்டும் காற்று நிரப்பிவிட வேண்டும்.

இனி என் தவற்றுக்கு வருகிறேன். என் வண்டிக்கு உரியது 215/75 ஆர் 15 அளவு; அதாவது அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு, நடுவிலுள்ள இரும்பு வளையம் 15 அங்குலம். கடைக்காரர் ஒருவர், பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும் என்று சொல்லி 235/75 ஆர் 15 போட்டுக்கொடுத்தார்; நானும் தலையாட்டினேன். டயரின் மொத்த உயரம் 703 மில்லிமீட்டரிலிருந்து 733 ஆனது. வண்டி தரையிலிருந்து அதில் பாதி, அதாவது 15 மில்லிமீட்டர்தான் உயர்ந்தது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது. மேட்டில் இழுவை குறைந்தது. கணக்குப்படி பார்த்தால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. ஸ்டெப்னி பழைய அளவிலேயே கிடந்ததால் பஞ்சரானால் அதையும் நம்பி மாட்ட முடியாத நிலை. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் இப்படி அளவு மாறிய சக்கரங்களைக் கலந்து மாட்டினால் கியர் அமைப்பே பழுதாகலாம்.

அளவுக்குப் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணையும் எழுத்தையும் நம்மில் பலர் கவனிப்பதில்லை. 100 எஸ் என்றிருந்தால், அந்த டயர் ஒன்று 800 கிலோ சுமக்கும், மணிக்கு 180 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று பொருள். ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (மரத்தில் உறைந்த ரப்பர் பால்) ஏற்றுகிறவர்களும், ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றுகிறவர்களும் பட்டனின் அழகைவிட இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வண்டியோடு வந்த டயரின் எண்ணுக்குக் குறைந்ததை வாங்கவே கூடாது. மூன்று சிகர மலையும் பனித்துகளும் போட்ட முத்திரையைக் காட்டி உயர்ந்த ரகம் என்று சிலர் விலை சொல்வதுண்டு. அது பனிச்சாலைக்கான முத்திரை. நம் மகேந்திரகிரி மலையில் பனிக்கட்டி விழும்வரை நமக்கு அதனால் பயனில்லை.

டயர் பிறந்த தேதியும் பக்கச்சுவரிலேயே உண்டு. 3223 என்ற நான்கு இலக்கம் 2023ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தைக் குறிக்கும். கடையில் நெடுநாள் கிடந்த டயரைத் தள்ளுபடி என்ற பெயரில் தலையில் கட்டுவதைத் தடுக்க இந்த இலக்கமே போதும். தேய்ந்தபின் மிஞ்ச வேண்டிய பட்டன் உயரத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 1.6 மில்லிமீட்டர் என்றாலும், நம் ஊர் மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

மாவட்டத்தின் டயர் வணிகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பில்லில் கம்பெனிப் பெயரையும் விலையையும் மட்டும் எழுதாமல், டயரின் அளவு, சுமை எண், தயாரிப்பு வாரம் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதித் தாருங்கள். எழுதித் தராத கடையில், வாங்குகிறவர்கள் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ரப்பர் விவசாயி ஒருவர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.